கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்ட பாடவேளை: வாதக் கட்டுரை கற்பிப்பது பற்றி

கேள்வியைக் கேட்டவர் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆன தமிழாசிரியர். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பொருளைப் பற்றி வாதிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால் முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை என்று நான்கு பெட்டி கட்டி வைத்துவிடுகிறார்கள். கடைசியில் "எதையும் அளவோடு பயன்படுத்தினால் நன்மையே" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இதற்கு நல்ல கட்டமைப்பு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்கிறார். அவர் கேட்டிருப்பது கட்டமைப்பு. ஆனால் கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது, அவருடைய உண்மையான சங்கடம் வேறு என்று தோன்றியது. சொல்வதற்கு ஒரு கருத்தே இல்லாத பிள்ளையை எப்படி வாதிட வைப்பது என்பதுதான் அது. நான் அதற்கே பதில் சொல்கிறேன். 26 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன். கீழ்வகுப்புகளில் நடத்தியதில்லை, ஆகவே நான் சொல்வதைப் பதினைந்து வயதுக்குக் கீழே கொண்டுபோகும்போது யோசித்துக் கொண்டுபோங்கள்.

முதலில் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். "அளவோடு பயன்படுத்தினால் நன்மையே" என்று எழுதுகிறவன் சோம்பேறி அல்லன், கெட்டிக்காரன். ஆறாம் வகுப்பிலிருந்து அவனுக்குக் குறிப்புச் சட்டகத்தைக் கொடுத்து, அதை விரித்து எழுதினால் மதிப்பெண் என்று பழக்கியது நாம்தான். முன்னுரையில் ஒரு குறள், நடுவில் நான்கு உட்தலைப்பு, முடிவுரையில் ஓர் உறுதிமொழி. விடைத்தாள் திருத்துகிறவர் யார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாத ஒருவருக்குக் கோபம் வராதபடி எழுதுவது எப்படி என்று அவன் தானாகவே கண்டுபிடித்த வழி அந்த முடிவுரை. அதை உடைக்க வேண்டுமானால், யாருக்காவது கொஞ்சம் கோபம் வரக்கூடிய கேள்வியை நீங்கள் கொடுத்தாக வேண்டும்.

நாம் கொடுக்கும் தலைப்புகளைப் பாருங்கள். மரம் வளர்ப்போம், நெகிழி ஒழிப்போம், நூலகத்தின் பயன். மரம் வளர்க்கக் கூடாது என்று வாதிட ஊரில் யார் இருக்கிறார்கள்? எதிராளி இல்லாத இடத்தில் வாதம் எப்படிப் பிறக்கும்? "கைப்பேசி நன்மையா தீமையா" என்பதில் இரண்டு பக்கம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அதுவும் போலிதான். யாரும் கைப்பேசியைத் தூக்கி எறியப்போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். நல்ல தலைப்புக்கு நான் வைத்திருந்த சோதனை ஒன்றே ஒன்று: வகுப்பில் அருகருகே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், இருவரும் நல்லவர்கள், இருவரும் விவரம் தெரிந்தவர்கள், இதில் மாறுபட முடியுமா? முடியுமென்றால் அது தலைப்பு.

எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தலைப்பு தற்செயலாக வந்தது. ஒரு புதன்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய பாடவேளை விளையாட்டு. அதைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டுவிட்டார். தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அன்று நடத்த வேண்டிய செய்யுளை மூடி வைத்துவிட்டு, "உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வது சரியா?" என்று கரும்பலகையில் எழுதினேன். அதுவரை வாய் திறக்காத கடைசி வரிசை அன்று வாய் திறந்தது. அந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று வாரம் ஓட்டினேன். கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதுதான்.

முதல் நாள் வந்த வாக்கியம் "விளையாட்டு மாணவர்களுக்கு மிகவும் முக்கியம்" என்பது. இதைக் கணக்கு ஆசிரியரிடம் காட்டினால் அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த புதன்கிழமையும் வந்து நிற்பார். எதிர்த்தரப்பும் தலையாட்டக்கூடிய வாக்கியம் வாதத்தின் மையமாக இருக்க முடியாது. ஆகவே முடிபு வாக்கியத்தில், அதாவது கட்டுரை எதை நிறுவ வருகிறதோ அதைச் சொல்லும் வாக்கியத்தில், மூன்று செய்திகள் இருக்க வேண்டும் என்று சொல்வேன்: யார், எதை, எந்த அளவுக்கு. அதோடு "வேண்டும்" அல்லது "கூடாது" என்று முடிய வேண்டும். இரண்டு நாள் அடித்துத் திருத்திய பிறகு ஒரு பெண் இப்படி எழுதினாள்: "வாரத்தில் இருக்கும் இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளையும், தேர்வு நெருங்கும் மாதங்களில்கூட, வேறு எந்த ஆசிரியரும் எடுக்கக் கூடாது." இதில் சண்டைக்கு இடம் இருக்கிறது. "தேர்வு நெருங்கும் மாதங்களில்கூட" என்ற சொற்களைச் சேர்த்தவுடனேயே அவளுக்குப் பொறுப்பு ஏறிவிட்டது. இனி அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

காரணம் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலான கட்டுரைகள் சரிகின்றன. ஆசிரியர்களாகிய நாமும் அங்கேதான் கவனக்குறைவாக இருக்கிறோம். "விளையாட்டு உடலுக்கு நல்லது; ஆதலால் அந்தப் பாடவேளையை எடுக்கக் கூடாது." பார்க்கச் சரியாக இருக்கிறது. அந்த "ஆதலால்" எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால்தான் நடுவில் பலகை இல்லாதது தெரியும். ஸ்டீபன் டூல்மின் என்ற பிரித்தானியத் தத்துவ அறிஞர் 1958இல் வெளியிட்ட நூலில், முடிபு, அதற்கான தரவு, தரவிலிருந்து முடிபுக்குப் போக உரிமை தரும் பொதுவிதி என்று வாதத்தைப் பிரித்துக் காட்டினார். உலகெங்கும் எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் இன்று நடத்தப்படுவது பெரும்பாலும் இந்தப் பகுப்பின் ஏதோ ஒரு வடிவம்தான். நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் இதையே மலையையும் அடுப்பையும் வைத்துச் சொல்லிவிடுகிறார். இம்மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய முடிபு. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது எடுத்துக்காட்டு. அடுக்களையை எதற்காக இழுக்கிறார் என்று வகுப்பில் கேளுங்கள். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்ற விதியை நாம் கண்ணால் பார்த்துப் பழகிய இடம் அதுதான். அந்த விதியை மலையில் போய்க் கற்க முடியாது.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். "உடலுக்கு நல்லது, ஆதலால் எடுக்கக் கூடாது" என்பதற்கு நடுவில் ஒளிந்திருக்கும் பலகை என்ன என்று கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு ஒரு பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஐயா, பள்ளியில் விளையாடாவிட்டால் வேறு எங்கும் விளையாட முடியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஊரில் திடல் இருக்கிறதே. நான் தினமும் சாயங்காலம் விளையாடுகிறேனே." அவன் தன் தரப்பையே வெட்டிப் போட்டுவிட்டான். வகுப்பு சிரித்தது. அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்: "உனக்குத் திடல் இருக்கிறது. எங்களுக்கு?" அதற்கு மேல் சிரிப்பு இல்லை. அந்த ஊர்த் திடலில் வயது வந்த பெண் பிள்ளை பந்து விளையாடி யாரும் பார்த்ததில்லை. வாரத்தில் அந்த இரண்டு பாடவேளைகளில்தான் அவர்கள் ஓடுகிறார்கள். "விளையாட்டு உடலுக்கு நல்லது" என்ற செத்த வாக்கியம், "பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் ஓடுவதற்கு இடமில்லை" என்று எழுந்து உட்கார்ந்தது. இந்தக் காரணத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே அது தோன்றியிருக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "ஆதலால்" என்பதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று விடாமல் கேட்டது மட்டும்தான் என் வேலை.

அடுத்தது மறுதரப்பு. நீங்கள் கேட்ட கட்டமைப்பை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: எதிராளி படித்துவிட்டு "ஆமாம், நான் சொல்வது இதைத்தான்" என்று ஒப்பும்படி அவர் கட்சியை ஒரு பத்தியில் எழுத வை, மற்றவை பின்னால் வரும். இது புதிதாக எங்கிருந்தும் இறக்குமதியான உத்தி அல்ல. நன்னூல் எழுவகை மதம் என்று, பிறர் கொள்கையை ஒரு நூலாசிரியர் எதிர்கொள்ளும் முறைகள் முதலானவற்றைப் பட்டியல் இடும்போது, அதில் முதலில் வைப்பது உடன்படல். மறுத்தல் இரண்டாவதாகத்தான் வருகிறது. மூன்றாவது, "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு": மற்றவர் கொள்கையை முதலில் ஏற்றுத் தன் தோளில் தூக்கிப் பார்த்து, பிறகு இறக்கி வைப்பது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்குப் போவதற்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பகுதி முழுவதையும் பிற சமயத்தாருக்கே ஒதுக்கி, உலகாயதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் கொள்கையையும் சொல்லிச் சொல்லித்தான் மறுக்கிறார். தன் மதத்தைப் பாட வந்தவர் எதிராளிக்கு அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார். நம் பிள்ளைகள் "சிலர் அறியாமையால் இதை எதிர்க்கிறார்கள்" என்று அரை வரியில் முடித்துவிடுகிறார்கள்.

என் வகுப்பு அந்தப் பத்தியை எழுதியபோது கணக்கு ஆசிரியர் ஒரு வில்லனாக வந்தார். "மதிப்பெண்ணே பெரிது என்று நினைக்கும் ஆசிரியர்கள் மாணவர்களை இயந்திரமாக்குகிறார்கள்." நான் அவரையே வகுப்புக்கு அழைத்து, பெயர்களை மறைத்துவிட்டு நான்கைந்து பத்திகளைப் படிக்கக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், அழைத்தபோதே என்னிடம், "என்னைத் திட்ட வைக்கப் போகிறீர்களா ஐயா?" என்று சிரித்துக்கொண்டுதான் வந்தார். படித்துவிட்டு, "இது நான் இல்லை. நீங்கள் எளிதாகத் திட்டுவதற்காகச் செய்துகொண்ட ஆள்" என்றார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். போன ஆண்டு பாடத்தில் தேர்ச்சி குறைந்தபோது விளக்கம் எழுதிக் கொடுத்தது தான்தான். அந்த வகுப்பில் டியூஷனுக்குப் போகாத பிள்ளைகள் பாதிக்கு மேல். அவர்களுக்கு இந்த ஒரு பாடவேளையை விட்டால் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. மாலையில் சிறப்பு வகுப்பு வைக்கலாம், ஆனால் மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. போகிற போக்கில் ஓர் அடியும் கொடுத்தார்: "ஏழு பேர் பாரதியாரை எழுதியிருக்கிறீர்கள். அவர் மாலை முழுதும் விளையாட்டு என்றுதானே பாடினார்? நான் எடுத்தது காலை பதினொரு மணிப் பாடவேளை."

அவர் போன பிறகு வகுப்பில் நடந்ததுதான் பாடம். முடிபு வாக்கியம் எழுதிய அந்தப் பெண் கேட்டாள்: "ஐயா, டியூஷன் இல்லாத பிள்ளைகள் விஷயத்தில் சார் சொல்வது சரிதானே? அப்படியென்றால் நான் தோற்றுவிட்டேனா?" தோற்கவில்லை, இப்போதுதான் கட்டுரை தொடங்கியிருக்கிறது என்றேன். அவள் தன் வாக்கியத்தைக் குறுக்கினாள். இரண்டு பாடவேளைகளில் ஒன்றை யாரும் தொடக் கூடாது. மற்றொன்றில், விரும்புகிற பிள்ளைகள் மட்டும் கணக்கு ஆசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்கலாம், மற்றவர்களை வெளியே விட வேண்டும். முன்பைவிடக் குறைவாகக் கேட்டாள். ஆனால் கேட்டதை அசைக்க முடியவில்லை. கணக்கு ஆசிரியர் அவள் திருத்தி எழுதிய கடைசிப் படியைப் படித்துவிட்டுக் கீழே "இதற்கு என்னிடம் பதில் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் சில புதன்கிழமைகளில் அவர் வந்து நின்றார் என்பது வேறு கதை.

சான்று பற்றி. இதில் நம் பிள்ளைகளுக்கு உள்ள நோய் தனியானது, இங்கேயே வளர்ந்தது. மேற்கோளைச் சான்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். "கற்க கசடற" நூலகத்துக்கும் வரும், கைப்பேசிக்கும் வரும், தேர்தலுக்கும் வரும். விளையாட்டுக் கட்டுரைக்குத் திருமூலரின் "உடம்பார் அழியில் உயிரார் அழிவர்" வந்தது, அழகான வரி, ஆனால் புதன்கிழமை மூன்றாம் பாடவேளையைப் பற்றித் திருமூலர் ஒன்றும் சொல்லவில்லை. குறளை எழுதாதே என்று நான் சொல்வதில்லை. அது உன் காரணத்துக்குப் பொட்டு வைக்கும், காரணமாகவே நிற்காது என்பேன். இதைவிட மோசமானது அப்துல் கலாம் சொன்னதாக வரும் வாக்கியங்கள். அவர் சொல்லாததையெல்லாம் அவர் பெயரில் எழுதும் பழக்கம் நாடு முழுக்க இருக்கிறது. எங்கே படித்தாய் என்று கேட்பேன்; சொல்ல முடியாவிட்டால் கோடு போட்டு அடிப்பேன். இதில் மட்டும் நான் இரக்கம் காட்டியதில்லை.

சான்று என்றால் என்ன என்று காட்ட, எண்ணச் சொல்வதுதான் எளிய வழி. ஒரு பையனை ஒரு மாதம் முழுவதும் நாட்குறிப்பில் கோடு போடச் சொன்னேன். எட்டு உடற்கல்விப் பாடவேளைகளில் ஐந்து பறிபோயிருந்தன; அந்த ஐந்தில் மூன்றைத்தான் கணக்கு ஆசிரியர் எடுத்திருந்தார். ஒன்று மழை. இன்னொன்றை எடுத்தது யார் தெரியுமா? நான். செய்யுள் முடியவில்லை என்று கேட்டு வாங்கியிருக்கிறேன், மறந்தே போயிருந்தது. அவன் அதை வகுப்பில் எழுந்து நின்று படித்தபோது எனக்கு முகம் சிவந்தது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் சான்று என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "எப்போதும் கணக்கு ஆசிரியரே எடுத்துக்கொள்கிறார்" என்று எழுதியிருந்தவர்கள் எல்லோரும் "எப்போதும்" என்பதை அடித்தார்கள்.

அந்த "எப்போதும்" என்ற சொல்லிலிருந்து மொழிப் பாடத்துக்கு வரலாம். இங்கே தமிழாசிரியருக்கு வேறு எந்தப் பாட ஆசிரியருக்கும் இல்லாத வசதி இருக்கிறது. இலக்கணத்தில் நாம் உம்மை, ஏகாரம் என்று நடத்துகிறோம். பிள்ளைகள் முற்றும்மை, தேற்றேகாரம் என்று மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். அவையெல்லாம் வாதத்தின் ஆணிகள் என்று யாரும் சொல்வதில்லை. "விளையாட்டால் கவனம் கூடும்" என்று எழுதினால் ஓர் எடுத்துக்காட்டுப் போதும். "விளையாட்டால்தான் கவனம் கூடும்" என்று எழுதினால், வேறு எதனாலும் கூடாது என்று நீ காட்டியாக வேண்டும். "விளையாட்டாலும் கவனம் கூடும்" என்றால் எதிராளிக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டாய். மூன்றுக்கும் வித்தியாசம் ஓர் இடைச்சொல். மூன்றையும் நிறுவ ஆகும் உழைப்பு வேறு வேறு. ஒரு பாடவேளை முழுவதும் பிள்ளைகளின் கட்டுரைகளிலிருந்து "தான்", "மட்டுமே", "எல்லா", "ஒருபோதும்" ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விலை கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பாதி தானாக உதிர்ந்துவிடும். மீதியிருப்பவை உறுதியாக நிற்கும். அதுபோலவே "என்பது உண்மையே, ஆயினும்" என்ற வாக்கிய அமைப்பைப் பயிற்சியாகவே கொடுங்கள். முதல் பாதியில் உண்மையாகவே எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. "விளையாட்டு சிலருக்குப் பிடிக்காது என்பது உண்மையே" என்று செல்லாக்காசைக் கொடுத்துவிட்டு ஏமாற்றக் கூடாது.

பட்டிமன்றம் உதவுமா என்று இளம் ஆசிரியர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு இரண்டு மனம். பேச்சில் வாதிட்டுப் பழகியவன் எழுத உட்காரும்போது தயங்குவதில்லை, காரணங்களுக்குப் பஞ்சமிருக்காது. அது நல்லது. ஆனால் நாம் இன்று மேடையிலும் தொலைக்காட்சியிலும் பார்க்கும் பட்டிமன்றம் கைதட்டலுக்காக ஓடுகிறது. எதிரணியைக் கிண்டல் செய்தால் புள்ளி. தீர்ப்பு நடுவருடையது, அதுவும் பெரும்பாலும் இரண்டு அணியையும் மனம் நோகாமல் அனுப்பிவைக்கும் தீர்ப்பு. "அளவோடு பயன்படுத்தினால் நன்மையே" என்ற முடிவுரை அங்கிருந்தும் வந்திருக்கலாம் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையில் வரும் இடம் வேறு மாதிரியானது. இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், வாதிகளைப் பார்த்து "பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்கிறான். அடுத்த மூச்சிலேயே, பகைவர்களோடு ஆனாலும் செற்றமும் கலாமும், அதாவது சினமும் சண்டையும், செய்யாது அகலுங்கள் என்கிறான். எழுத்துக்கு முன் பேச்சை நடத்துவதானால் நான் ஒரு விதி வைப்பேன்: பேசி முடித்ததும் இரண்டு அணியும் பக்கம் மாற வேண்டும். அப்படிச் செய்த வகுப்புகளில் மறுதரப்புப் பத்தி மேம்பட்டது. பக்கம் மாறாமல் நடத்தியபோது கட்டுரைகள் முன்பைவிடச் சத்தமாக மட்டுமே ஆயின, "இது நியாயமா? இது தகுமா?" என்று கேள்விக்குறிகள் பெருகின.

இனி, நீங்கள் நேரடியாகக் கேட்ட கட்டமைப்பு. ஐந்து பத்தி அமைப்பு ஒன்று பரவலாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது: முடிபு ஒரு பத்தி, காரணங்கள் மூன்று பத்தி, முடிவுரை ஒரு பத்தி. இதைத் திட்டுகிறவர்கள் நிறைய. நான் திட்டமாட்டேன். வாக்கியத்தையே கோர்வையாக எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு அது கைத்தடி. ஆனால் மூன்று காரணம் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் ஒரு நல்ல காரணத்தோடு இரண்டு சொத்தைக் காரணங்களும் சேர்ந்து வரும். படிக்கிறவர் சொத்தையைத்தான் பிடித்துக்கொள்வார். ஆகவே காரணத்தின் எண்ணிக்கையை நான் சொல்வதில்லை. மறுதரப்பை முதலில் வைக்கலாமா, கடைசியில் வைக்கலாமா என்பதிலும் எனக்குத் திட்டமான விடை கிடையாது. எதிர்க்கட்சி பலமாகவும் வாசகர் மனத்தில் ஏற்கனவே இருப்பதாகவும் இருந்தால் முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது என்பது என் அனுபவம். மற்றபடி பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

தேர்வைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பொதுத்தேர்வு விடைத்தாளில் உட்தலைப்பும் மேற்கோளும் போட்ட கட்டுரைக்கு மதிப்பெண் விழும். உட்தலைப்பு இல்லாமல் ஒரே ஓட்டமாக வாதிட்ட கட்டுரை அவசரமாகத் திருத்துகிறவர் கையில் அடிபடலாம். என் மாணவர் ஒருவருக்கு அப்படி நடந்ததுண்டு. அதனால் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுங்கள். தேர்வுக் கட்டுரைக்கு ஒரு குறிப்பேடு, வாதக் கட்டுரைக்கு வேறொன்று. நான் நீல அட்டை, பழுப்பு அட்டை என்று பிரித்து வைத்திருந்தேன். பிள்ளைகள் குழம்புவார்கள் என்று பயந்தேன், குழம்பவில்லை. வாத்தியாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று எழுதும் சாமர்த்தியம் அவர்களுக்கு ஏற்கனவே இருக்கிறது.

திருத்துவதுதான் உங்களை முறிக்கப் போகிறது. 45 குறிப்பேடு, ஆளுக்கு மூன்று பக்கம். எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டால் ஒரு மாதத்தில் நீங்களே இந்த முயற்சியைக் கைவிட்டுவிடுவீர்கள். பிள்ளைகளும் சிவப்பை மட்டும் பார்ப்பார்கள், வாக்கியத்தைப் பார்க்கமாட்டார்கள். நான் முதல் படியில் சந்திப் பிழையைத் தொடுவதே இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுவேன். "இதைக் கேட்டால் கணக்கு ஆசிரியர் என்ன சொல்வார்?" "இது உனக்கு எப்படித் தெரியும்?" "இந்தத் 'தான்' தேவையா?" ஒருவருக்கு ஒரு கேள்வி, அதற்கு மேல் இல்லை. இரண்டாம் படி அந்தக் கேள்விக்கான பதிலாக இருக்க வேண்டும். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் இரண்டாம் படியில் பார்த்துக்கொள்ளலாம். கருத்தில் அக்கறை வந்த பிறகு ஒற்றுப் பிழையைத் தாங்களே திருத்திக்கொள்ளும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அப்படி அல்லர். முதல் படியை வகுப்பறையில், உங்கள் கண்முன்னால், கையால் எழுத வையுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இன்று அது எந்த இயந்திரத்திலிருந்து திரும்பி வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கட்டுரைகளிலும் கடைசி வரி "அளவோடு பயன்படுத்தினால்" என்றுதான் இருக்கும் என்பது ஒரு வேடிக்கை.

அடுத்த தலைப்புக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பிள்ளைகள் கையிலேயே ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-18ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை விலக்கிவிட்டது. கொண்டுவந்தபோது சொன்ன காரணம் வலுவானது: பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஓட்டின, நுழைவுத்தேர்வுகளிலோ இரண்டு ஆண்டுப் பாடமும் வருகிறது. விலக்கியபோது சொன்ன காரணமும் வலுவானது: பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமை. இரண்டு பக்கமும் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள் நிற்கும் தலைப்பு இது. உங்கள் வகுப்பில் அந்தத் தேர்வை எழுதிய அக்காவோ அண்ணனோ இல்லாத வீடு குறைவு. போய்க் கேட்டுவரச் சொல்லலாம். ஆனால் இதை முதல் தலைப்பாகக் கொடுக்காதீர்கள். தேர்வு இல்லாதது சுகம் என்ற ஒரே காரணத்தை 45 பேரும் எழுதி வைப்பார்கள். முதலில் அந்தப் பள்ளிக்குள்ளேயே, அந்த வாரத்திலேயே நடந்த ஏதாவது ஒன்று. ஒரு பருவத்துக்கு இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு படி. அதற்கு மேல் என்னால் முடிந்ததில்லை. தொடங்குகிற வாரத்தில் உங்கள் கணக்கு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.